ஜமீலா உட்காரும் ஜன்னல்

தம்பி,

நலம் விசாரிக்கிற வேலையை உன் அப்பா போனிலேயே முடித்துவிட்டார். சாப்பிட்டாயா, பெட்டி கட்டினாயா, அகமதாபாத்தில் சாம்பாருக்கும் சர்க்கரை போடுவார்களாமே என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. அதனால் நான் நேரே பொறாமைக்கு வருகிறேன். அடுத்த வாரம் நீ ரயில் ஏறுகிறாய். அங்கே கோட்டைச் சுவருக்குள் இருக்கிற பழைய ஊரில், பழைய வீடுகளுக்கு நடுவே ஓர் ஆபீஸ் கட்டப் போவதாகச் சொன்னாய். இருப்பதை இடிக்காமல், ஏசியை நம்பாமல், காற்றையும் நிழலையும் வைத்தே கட்டப் போகிறாய் என்றாய். கேட்டதும் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, அந்த ஆபீஸில் உட்காரப் போகிற, முகம்கூடத் தெரியாத ஒரு குஜராத்திப் பெண்பிள்ளை மேல் எரிச்சல். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இருந்தாலும் அவள் நன்றாக வியர்க்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். போனில் சொன்னால் நீ "ம்... ம்..." என்று வேறு வேலை பார்ப்பாய் என்பதால் எழுதுகிறேன். இதை நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. ஜமீலாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அவளைக் குட்டை என்று எழுதக் கூடாதாம். எழுதமாட்டேன். படிக்கிறவர்கள் தாமாகக் கண்டுபிடித்தால் அது என் குற்றமில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னமனூரில் தேரோடும் வீதியில் ஒரு வாழைக்காய் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவள் நான். நேர் எதிரே ராவுத்தரின் தேங்காய் மண்டி. அங்கே கணக்கு எழுதுகிறவள் ஜமீலா. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவளுக்கு நான் அன்றைக்கும் இன்றைக்கும் "நெட்டச்சி". வகுப்புப் போட்டோவில் எப்போதும் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள், அவளை முதல் வரிசையில் தரையில் உட்கார வைப்பார்கள். உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்றைக்கு, நான் காப்பித் தட்டோடு வாசற்படியைத் தாண்டும்போது தலையைக் குனிந்தேன். நிலையில் இடித்துவிடுமே என்றுதான் குனிந்தேன். அதை வெட்கம் என்று நினைத்துச் சம்மதித்துவிட்டார் பாவம். இன்றுவரை என் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கும்போது ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறார்.

சரி, பொறாமைக்குத் திரும்புகிறேன். ராவுத்தர் எதிரே இருந்த அந்தப் பழைய மச்சு வீட்டை வாங்கியபோது அதை இடித்துத் தள்ளத்தான் நினைத்திருந்தார். ஜேசிபிக்குக்கூடச் சொல்லியாயிற்று. கட்டடக்கலை படித்துவிட்டு நீ மதுரையிலிருந்து ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத இடிச்சா இம்புட்டுச் செங்கலும் மரமும் குப்பை, மாமா. திரும்பக் கட்டணும்னா இன்னொரு மலைய வெட்டணும். இருக்கிற சுவரை வச்சே பண்ணித் தாறேன்" என்றாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எங்கள் மண்டிக்கு வந்து, "ஒம் மகன் தெளிவாப் பேசுறானா, இல்ல நமக்குத்தான் வெளங்கலையா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கும் வெளங்காதுண்ணே, ஆனா வீட்டுல ஃபேனப் போட விடமாட்டான்" என்றேன். அவருக்கு அந்தத் தகுதி போதுமாக இருந்தது. ஒரு முழ அகலச் சுவர்களை அப்படியே வைத்தாய். முற்றத்தை மூடவில்லை. தூர்ந்து கிடந்த கிணற்றுக்கு மழைத் தண்ணீரை இறக்கினாய். மாடியை மட்டும் பிரித்து, அதே தேக்கில் புது ஆபீஸ் அறைகள் கட்டினாய். சிமெண்டுப் பூச்சு வேண்டாம், சுண்ணாம்புதான் என்று கொத்தனாரோடு சண்டை போட்டாய். ஆடி மாதம் மேற்கே இருந்து வருகிற காத்து எந்த வழியாக நுழைந்து எந்த வழியாகப் போகும் என்று ஊதுபத்தியைக் கொளுத்தி அறை அறையாக நடந்தாய். ஊரே பார்த்தது. "மகனுக்கு மந்திரம் கிந்திரம் பழக்கமா?" என்று காய்கறிக்காரி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். என் இடுப்புவலி எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று என்றைக்காவது ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. பெருந்தன்மை.

அதே வருசம் எங்கள் முதலாளியும் கட்டினார். ராவுத்தர் "பசுமைக் கட்டடம்" கட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. "நம்மளும் பசுமையாக் கெட்டணும்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய் ஓர் எஞ்சினியரைப் பிடித்து, மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கப் பச்சைக் கண்ணாடி மாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் இருக்கிற இட்லியின் மனசு எனக்குப் புரிகிறது. ஒரு ஜன்னலும் திறக்காது. ஆடிக்காத்து அடித்தால் கண்ணாடிச் சந்தில் புகுந்து விசில் ஊதும், நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ள முடியாது. இதைவிடக் கூத்து, அந்தப் பச்சை வெளிச்சத்தில் பழுத்த தாரும் காயாகத்தான் தெரியும். மார்க்கையன்கோட்டையிலிருந்து தன் தோட்டத்துத் தாரோடு வந்த ஒரு சம்சாரி, "இது நான் கொண்டாந்த பழமே இல்ல, மாத்திப்புட்டீக" என்று சண்டை பிடித்து, கடைசியில் தாரை வீதிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் காட்டின பிறகுதான் சமாதானமானார். இப்போது விலை பேசுவதெல்லாம் வெளியே நடுவீதியில்தான். உள்ளே நானும் ஏசியும் மட்டும். கரண்டு போனால் நான் மட்டும்.

எதிரே ஜமீலா. மாடியில், முற்றத்து மேல், தெற்குப் பார்த்த ஜன்னலோரம். வெயில் நேரே விழாத ஜன்னல், அதைத் திறந்தால் ஓட்டுக்கூரைகளைத் தாண்டி மேகமலை தெரியும் என்று நீதான் திறப்பு விழாவில் எல்லோரிடமும் சொன்னாய். நான் அன்றைக்குக் கூட்டத்தில் எட்ட நின்று லட்டை மட்டும் தின்றுவிட்டு வந்தவள், அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை. என் கண்ணாடிக்கு வெளியே, ஒரு வருசமாக, வீதிப் பக்கம் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் சேலைத் தலைப்பு காற்றில் ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மதுரையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் பஸ் பிடித்து அந்தக் கட்டடத்தைப் பார்க்க வருகிறார்கள். ஜமீலா கையை ஆட்டி ஆட்டி, "சூடு மேல போயிரும்பா, குளிர்ச்சி கெணத்துப் பக்கமிருந்து வரும், தடிச்ச செவரு சூட்ட உள்ள விடாது, அதுக்குப் பேரு தெர்மல் மாஸு" என்று பாடம் எடுக்கிறாள். எட்டாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவள்! நானும் தப்பாகத்தான் எழுதியிருந்தேன், அது வேறு விசயம். அந்தப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வருவது ஒரே ஒரு காரியத்துக்கு: பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்க.

தேர் அன்றைக்குத்தான் எனக்குப் பொறாமை முற்றிப்போனது. நீ வரவில்லை, வேலை என்றாய். தேர் எங்கள் வீதிக்குள் திரும்பினால் இருபக்கமும் பந்தலைப் பிரித்து, கூரையை ஒடுக்கி வழிவிட வேண்டும் என்பது இந்த ஊரில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். தேனி எஞ்சினியருக்குத் தெரியவில்லை. எங்கள் முதலாளியின் பெயர்ப்பலகை கண்ணாடியைத் தாண்டி வீதிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தேர்ச்சீலை அதில் மாட்டிக்கொண்டது. தேர் நின்றுவிட்டது. பலகையைக் கழற்ற எலெக்ட்ரீஷியனைத் தேடினால் அவர் வடம் பிடிக்கப் போயிருக்கிறார். "ஏலே, அந்த போர்டக் கழட்டுங்கப்பா! சாமி வெயில்ல நிக்காக!" என்று ஒருவர் கத்தினார். "இருக்கட்டும்யா, எதுக்கக் கண்ணாடி இருக்குல்ல, அம்மன் பொட்டு சரியா இருக்கான்னு பாத்துக்கிருவாக" என்றது இன்னொரு குரல். வீதி முழுக்கச் சிரித்தது. நான் கண்ணாடிக்குள்ளே நின்றேன், பச்சையாக. அந்த நேரத்தில் எதிர் மாடியில் ஜமீலா ஒற்றைக் கையால் வெயிலுக்காக வீதிப் பக்கம் நீ நீட்டி வைத்திருந்த மரத் தட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரோடு சுவராக மடக்கினாள், ஜன்னல் கதவைச் சாத்துகிற மாதிரி அத்தனை லேசாக. முக்காட்டைச் சரி செய்துகொண்டு தேருக்கு வழிவிட்டு நின்றாள். கீழே ராவுத்தர் அண்டாவில் பானகம் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "யாரு டிசைனு? நெட்டச்சி மகன் டிசைனாம்" என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். என் மகனைப் புகழ்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. இப்படி ஒரு தாயை நீ வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா?

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. சுண்ணாம்புச் சுவருக்குப் பல்லி வரும் என்று பால்காரரிடம் சொன்னேன். முற்றம் திறந்திருந்தால் கணக்குப் பேப்பர் பறக்கும் என்று பூக்காரியிடம் சொன்னேன். எதிரே பல்லியும் வரவில்லை, பேப்பரும் பறக்கவில்லை. போன வாரம் ஜமீலாவே வீதியைக் கடந்து எங்கள் மண்டிக்கு வந்தாள். ஏசி காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஒனக்கென்னடி நெட்டச்சி, குடுத்து வச்சவ. நாக்காலி ஒசரமாக்கிக்கிறலாம், எறக்கிக்கிறலாம்."

"இந்தா, கேலி பண்ணாத. அங்கன காத்தும் மலையுமா உக்காந்துக்கிட்டு இங்கன வந்து பேசுறியா?"

"மலையா? எந்த மலை?"

"மேகமலைடி. ஒன் ஜன்னல்ல தெரியுற மலை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ வா. வந்து உக்காந்து பாத்துட்டுப் பேசு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மாடி ஏறினேன். உன் சுவர்கள் உண்மையிலேயே குளிர்ந்துதான் இருந்தன, தம்பி. கையை வைத்துப் பார்த்தேன். பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. ஜன்னலோரம் சுவரில் பதித்த கடப்பாக்கல் மேசை. அதன் முன்னால் நாற்காலி, நாற்காலி மேல் மடித்த இரண்டு சாக்கு, கீழே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி. ஜமீலா ஏறி உட்கார்ந்து காட்டினாள். பெட்டி மேல் கால். மேசை நெஞ்சுக்கு நேரே. கம்ப்யூட்டரைத் தட்ட, தொட்டித் தண்ணீரில் நீந்துகிற மாதிரி முழங்கையைத் தூக்க வேண்டியிருந்தது. ஃபைல் அலமாரிக்கு எக்க வேண்டும், ஃபேன் சுவிட்சுக்கு ஸ்கேலால் தட்ட வேண்டும். ஜன்னலின் அடிச்சுவர் அவள் மூக்குக்கு மேலே நின்றது.

"எனக்கு ஒரு வருசமா ஆகாசம் மட்டுந்தாண்டி தெரியுது. மழை வருமா வராதான்னு கேளு, சொல்றேன். மலையப் பத்தி எங்கிட்டக் கேக்காத. நீ உக்காரு."

சாக்கை எடுத்துவிட்டு, பெட்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். என் முழங்கால் மேசைக்கு அடியில் இடிக்காமல் போனது. எந்த மேசைக்கு அடியிலும் என் முழங்கால் அப்படிப் போனதில்லை. முழங்கை தானாகக் கல்லில் இறங்கியது. இடது கையை நீட்டினால் அலமாரி, அண்ணாந்து பார்க்காமலே சுவிட்சு. நிமிர்ந்தேன். ஜன்னல் சட்டத்துக்குள் மேகமலை அப்படியே, மேலே மேகம், கீழே ஓடுகள், தென்னந்தோப்பு. எனக்கு நேர் எதிரே, என் கண்ணுக்கு நேரே. எழுந்து நின்று இன்னொரு தடவை உட்கார்ந்து பார்த்தேன், மலை அங்கேயேதான் இருந்தது.

"புரிஞ்சதா? இது ஒனக்குத் தச்ச சட்டை. நான் மாட்டிக்கிட்டுத் திரியிறேன்."

சின்னப் பிள்ளையில், பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேரே மண்டிக்குத்தான் வருவாய். பழைய மண்டி, தகரக் கூரை. வாழைச்சருகு கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். மேசை எனக்குக் குட்டை. குனிந்து குனிந்து எழுதி, ஆறு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். "ஏம்மா கேள்விக்குறி மாதிரி எந்திரிக்கிற?" என்று ஒருநாள் கேட்டாய். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். நீ மறக்கவில்லை போலிருக்கிறது. ராவுத்தர் உன்னிடம் "கணக்கு எழுதுற ஆளுக்கு ஒரு எடம்" என்று கேட்டார். கணக்கு எழுதுகிற ஆள் என்றால் உனக்குத் தெரிந்தது ஒரே ஓர் உடம்பு. யார் உட்காரப் போகிறார் என்று நீ கேட்கவே இல்லை. தேரின் அகலத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டாய். கிணற்றின் ஆழத்தைக் கேட்டாய். ஆடிக்காத்தைக்கூட விசாரித்தாய். கீழே தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஜமீலாவின் உயரத்தை மட்டும் கேட்கவில்லை.

ஜமீலா விசயத்துக்கு வந்தாள். ராவுத்தர் சம்மதித்துவிட்டாராம். கல்லை உருவிக் கீழே பதித்து, ஜன்னல் நிலையையும் கீழே இறக்கிவிடுவார்களாம். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். "ஒன் மகன் மனசு நோகுமேன்னுதான் இம்புட்டு நாளாச் சொல்லல. தோள்பட்டை போச்சு. இப்பக் கையத் தூக்கித் தொழுகக்கூட முடியல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா? "என் மகனக் கேக்காம அதுல யாரும் கை வைக்கக் கூடாது. படிப்பாளி போட்ட டிசைனு. காலேஜ்ல இருந்து வந்து பாக்காக. எறக்குனா காத்து மாறிப் போகும், பாத்துக்க." காத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்காக இந்த ஊரில் ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறது என்று தெரிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் உடைக்கப் போகிறாளே என்ற ஆத்திரம். நான் அதில் ஒருநாளும் உட்காரப் போவதில்லை, அவளும் உட்கார வேண்டாம், அது சும்மா அப்படியே இருக்கட்டும்.

ஜமீலா சண்டை போடவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டே, "ஒன் மகன் என்னையக் கேட்டானாடி?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம கல்யாணத்துல மாலை மாத்தும்போது நீ குனிஞ்ச. அதுல நீ ஒண்ணும் கொறஞ்சு போயிரல" என்றார். இவர் இப்படியெல்லாம் பேசுவார் என்று தெரிந்திருந்தால் முன்பே இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு எதிரே போனேன். ராவுத்தர் என்னைப் பார்த்ததும், "தகராறு பண்ண வந்தீயளா, மேற்பார்வைக்கு வந்தீயளா?" என்றார். "ரெண்டுக்கும்ண்ணே" என்றேன். கொத்தனார் உளியை எடுத்தபோது ஜமீலா அவரை நிறுத்தினாள். "இருங்க, டீ வருது. இவ ஒரு டீ குடிச்சு முடிக்கட்டும்." என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். டீயை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தேன். ஆறிப்போய் ஆடை படர்ந்தது, அதையும் குடித்தேன். கொத்தனார் இருமினார். மலையில் ஒரு மேகம் பாதிக்கு இறங்கி, திரும்ப ஏறியது. எழுந்துவிட்டேன்.

அப்புறம் ஜமீலாவை உட்கார வைத்து, கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். முழங்கைக்கு நேரே நான்தான் கரிக்கோடு போட்டேன். கண்ணுக்கு நேரே இன்னொரு கோடு. சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையெல்லாம் வெள்ளை. கல் கீழே இறங்கியது, நிலை கீழே இறங்கியது, மேலே மிச்சமான சந்தில் சூடு போக மரச்சட்டம் வைத்தார்கள். சாயங்காலம் ஜமீலா உட்கார்ந்து நிமிர்ந்தாள். "ஏத்தா, இம்புட்டுப் பெருசாவாடி இருக்கு!" என்றாள். அதற்கப்புறம் நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நன்றாகக் குனிந்தால் எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. வயிறு எரிந்தது. இவளுக்குச் செய்துகொடுத்த பிறகும் எரிகிறதே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆக, தம்பி, அகமதாபாத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் குஜராத்திப் பெண்பிள்ளையைத் தேடிப் பிடி. கோட்டைச் சுவரையும் மர வேலைப்பாட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் போகாது. அவளை உட்காரச் சொல். கால் எங்கே படுகிறது, கை எங்கே வலிக்கிறது, சோற்றுப் பாத்திரத்தை எங்கே வைப்பாள், கண்ணை மூடித் திறந்தால் எதைப் பார்க்கப் பிடிக்கும் என்று கேள். ஏசி இல்லாத ஆபீஸில் அவள் இருபது வருசம் உட்கார வேண்டும் என்றால், காத்து மட்டும் சரியாக இருந்தால் போதாது. உன் மனசில் இருக்கிற உயரமான பொம்பளையைத் தயவுசெய்து ஊரிலேயே விட்டுவிட்டுப் போ. நான் சொல்வதை எழுதி வைத்துக்கொள், பிறகு மனசு மாறினாலும் மாறிவிடுவேன்.

பார், இதோ மாறிவிட்டேன். எல்லாரையும் அளந்து, எல்லாருக்கும் சரியாகச் செய்துமுடித்த பிறகு, மாடிப்படித் திருப்பத்திலோ, தண்ணீர்ப் பானை வைக்கிற இடத்திலோ, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில், ஒரே ஒரு ஜன்னலை மட்டும் என் உயரத்துக்கு வை. ஏன் என்று யாராவது கேட்டால் காத்துக்கு என்று சொல்லிவிடு. எக்கிப் பார்க்கிறவர்கள் எக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா